கை பார்த்துத்தான் தருவேன்

"விக்கிறேன்னு நான் எப்ப சொன்னேன்? கை பார்த்துத்தான் தருவேன்" என்றார் அந்த அம்மா.

இழைப்புளியின் மேல் வைத்திருந்த விரலைக் கண்டக்டர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"ரேகை பார்ப்பீங்களாம்மா?"

"ரேகையை வச்சு நான் என்ன பண்ண? வேலை தெரிஞ்ச கையான்னு பார்ப்பேன். கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டுறவங்களுக்கு இது கிடையாது."

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கைக்கு இந்தத் தச்சுச் சாமான் பைத்தியம் பிடித்ததே ஒரு கதை. வீடு இடிக்கிற இடத்தில் ஒருநாள் குப்பையோடு குப்பையாகக் கிடந்த இழைப்புளியைச் சும்மா எடுத்துப் பார்த்தார். யாரோ ஒருவருடைய உள்ளங்கை வருஷக்கணக்காகத் தேய்த்துப் பள்ளமாக்கிய இடத்தில் இவர் கை போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். துருவைத் தேய்த்து, அலகைத் தீட்டி, ஒரு கட்டையில் ஓட்டினார். வெங்காயச் சருகு மாதிரி சீவல் சுருண்டு வந்தது. அதற்கப்புறம் கட்டிலுக்கு அடியில் உளி, ரம்பம், கொட்டாப்புளி என்று சேர்ந்துகொண்டே போனது. "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, இரும்புக்கு வாட்ச்மேனா?" என்று கேட்டுக்கேட்டு மனைவியும் ஓய்ந்துவிட்டாள்.

இங்கே ஒரு பழைய இழைப்புளி இருக்கிறதென்று டிரைவர் சொல்லித்தான் இந்த மூன்றாம் மாடிக்கு வந்தார். வந்தது வீண் போகவில்லை. முழங்கை நீளத்துக்குக் கருத்த மரம். முன்பக்கம் கொம்பு மாதிரி பிடி. அலகு எட்டிப் பார்க்கிற வாயைச் சுற்றிப் பித்தளைத் தகடு பதித்திருந்தது. இதை எதற்குப் பதித்தான், யார் பதித்தான் என்று கண்டக்டருக்குத் தலைக்குள் குடைந்தது. இது இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினால் இன்றைக்குச் சோறு இறங்காது.

சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரிக் கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை. மேசை டிராயர் விரல் பட்டதும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"எல்லாம் வீட்டுக்காரர் கைவேலையாம்மா? பெரிய கைகாரர்தான்."

அந்த அம்மா காலியாகக் கிடந்த சாய்வு நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அவரைப் பத்தி மட்டும் கேக்காதீங்க தம்பி."

கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச்சை மாற்றி, "ஏதாவது பலகை குடுங்கம்மா, இழைச்சுக் காட்டுறேன்" என்றார்.

"பலகையில யாருதான் இழைக்க மாட்டாங்க? கதவுல இழைக்கணும். அதுதான் பரீட்சை."

குளியலறைக் கதவு. தண்ணீர் குடித்துக் குடித்து விளிம்பு வீங்கியிருந்தது. கீலைக் கழற்றிக் கதவைச் சுவரோரம் ஒருக்களித்து நிறுத்தினார். முதல் தள்ளலிலேயே இழைப்புளி கடக்கென்று பிடித்துக்கொண்டது.

"என்ன தம்பி, கடிச்சுத் திங்குது?"

"பொறுங்கம்மா. மரத்தோட வாட்டம் அந்தப் பக்கம் போகுது. பூனையை வால்லேருந்து தடவின மாதிரி ஆயிடுச்சு."

கதவைத் திருப்பி வைத்தார். அலகைத் தட்டி, மயிரிழை உள்ளே வாங்கினார். மறுபடி தள்ளினார். இந்தத் தடவை பட்டுச்சேலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சீவல் ஒரே நீளமாக, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிசாக எழுந்து அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. பித்தளை எதற்கென்று அப்போது புரிந்தது. வாய் தேயாமல் இருந்தால்தான் சீவல் பிய்யாது. எந்த மகராசன் யோசித்தானோ! அதற்கப்புறம் அந்த அம்மா வைத்த டீ ஆறிப்போனது அவருக்குத் தெரியாது.

கதவை மாட்டியதும் அந்த அம்மா திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். சுண்டுவிரலால் தள்ளியும் பார்த்தார்.

"கை பரவாயில்லை."

"அப்ப எடுத்துக்கட்டுமாம்மா?"

"என்ன தம்பி, பஸ் கிளம்புற மாதிரி பறக்கிறீங்க? ஒரு கதவை வச்சு என்னத்தைச் சொல்ல? சமையலறை ஜன்னல் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் முரட்டு மரம். அடுத்த லீவுக்கு வாங்க. அதையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

பாதிப் பரீட்சை பாஸான சந்தோஷத்தில் கண்டக்டர் படியிறங்கினார். எதிரே மடித்த பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கண்டக்டரின் சட்டையில் ஒட்டியிருந்த சீவலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"குளியலறைக் கதவு முடிஞ்சுதா தம்பி? அப்ப நான் மேலே போகலாம்."

"நீங்க யாருங்கய்யா?"

"அந்த அம்மாவோட வீட்டுக்காரன். ஆணி அடிச்சா என் விரல்லதான் அடிப்பேன், அதனால பரீட்சை நடக்கிறப்ப என்னை வெளியே துரத்திடுவா. அலமாரி பேங்க்காரர் போட்டது, டிராயர் ஒரு வாத்தியார் போட்டது, எல்லாரும் அந்த இழைப்புளிக்கு ஆசைப்பட்டு வந்தவங்கதான்."

பெரியவர் மேலே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கூப்பிட்டா ஒரு ஆசாரியும் வர மாட்டேங்கிறாங்கன்னு, அந்த இழைப்புளியைப் பழைய சாமான் கடையில அவளே போய் வாங்கிட்டு வந்து வச்சிருக்கா!"