ஜன்னலுக்கு ஒரு சுரங்கக்காரர்

"ஸ்டெஃபன் ஒரு சுரங்கக்காரர் பொம்மை வாங்கறான், யூட்டா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

உருளைக்கிழங்கு அடைக்கு வரிசையில் நின்றிருந்த யூட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்கட்டுமே ஹைட்ரூன். கிறிஸ்துமஸ் சந்தைக்கு வந்துட்டு வேற என்ன வாங்குவான், மாடா?"

"ஏய், அவன் வீட்டு ஜன்னல்ல என்ன நிக்குதுன்னு யோசிச்சுப் பாரு."

யூட்டா யோசித்தாள். யோசித்ததும் வாய் தானாகப் பிளந்துகொண்டது.

ஒரு காலத்தில் சுரங்கம் தோண்டிப் பிழைத்த எங்கள் மலைப்பக்கத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஜன்னலைப் பார்த்தே ஒரு வீட்டில் என்னென்ன பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். பெண் பிறந்த வீடென்றால் மரத்தில் செய்த ஒரு தேவதை. பையன் பிறந்த வீடென்றால் ஒரு சுரங்கக்காரர். இரண்டு பேர் கையிலும் மெழுகுவத்தி எரியும். ஸ்டெஃபன் வீட்டு ஜன்னலில் கிளாராவுக்கு ஒன்று, சின்னவள் ஹன்னாவுக்கு ஒன்று என்று இரண்டு தேவதைகள்தான். இத்தனை வருஷத்தில் மூன்றாவது ஆள் அங்கே ஏறியதில்லை.

"பேரனுக்கா இருக்குமோ?"

"கிளாராவுக்கு இன்னும் குழந்தையே இல்லை. நான் பக்கத்துக் கடையிலதான் நின்னேன். கடைக்காரர் யாருக்குன்னு கேட்டார். இவன் சுத்திமுத்திப் பார்த்துட்டு, 'என் பையனுக்கு'ங்கறான்."

"ஆத்தாடி."

"வீட்டுத் தேவதைல ஒண்ணைத் துணியில சுத்திக் கொண்டுவந்திருக்கான். அதைப் பக்கத்துல நிக்க வெச்சு, அதே உயரத்துல சுரங்கக்காரர் வேணுமாம். பொண்ணுங்களுக்குச் சமமா பங்கு வெக்கறான் பாரு."

"பஸ் ஓட்டறவனாச்சே. எந்த ஊர்ல வண்டியை நிறுத்தினானோ."

"சின்னவ ரெண்டு கிறிஸ்துமஸா வீட்டுப்பக்கம் வரலையே, அப்பனும் அவளும் பேசறதில்லையே, எதனாலன்னு இப்பப் புரியுதா? அப்பன் லட்சணம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். பாவம், அவன் பொண்டாட்டி மார்லீஸ்தான் ஒண்ணும் தெரியாம இருக்கா. நாமதான் அவகிட்டச் சொல்லணும்."

"பண்டிகை நேரத்துல எதுக்குடி?"

"நாளைக்கு அவ ஜன்னலைப் பார்த்து ஊரே சிரிக்கும். அதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

ஹைட்ரூனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அது வயிற்றில் தங்காது. யூட்டாவுக்கு இன்னும் இரண்டு பேர் நகர்ந்தால் அடை. சுடச்சுட, மேலே ஆப்பிள் கூழோடு. அதையே விட்டுவிட்டுக் கிளம்பினாள் என்றால் விஷயத்தின் ருசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்லீஸ் வைக்கோல் நட்சத்திரக் கடையில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கணவர் தொத்திறைச்சிக் கடையில் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஹைட்ரூன் நேராக ஆரம்பிக்கவில்லை. "இந்த வருஷமாவது சின்னவ வருவாளா மார்லீஸ்?" என்றாள்.

மார்லீஸின் முகம் சுருங்கிவிட்டது. "வரணும்னு நான் ஏங்காத நாள் கிடையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னா வந்துடும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயிலேருந்து வர மாட்டேங்குது."

"அவன் வாயிலேருந்து வேற வார்த்தையெல்லாம் வருதும்மா," என்றாள் ஹைட்ரூன். "மனசைத் திடப்படுத்திக்கோ."

பிறகு கண், காது, மூக்கு வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றிமுற்றிப் பார்த்ததை நடித்தும் காட்டினாள். யூட்டா நடுவில் 'உச்' கொட்டினாள்.

மார்லீஸ் கையிலிருந்த நட்சத்திரத்தைக் கீழே வைத்தாள். "யாருக்குன்னு சொன்னார்?"

"'என் பையனுக்கு'ன்னான்."

"அவர் வாயாலயா?"

"அவன் வாயாலதான். கடைக்காரருக்குக் கேட்டுது, எனக்குக் கேட்டுது. என்னாலேயே நம்ப முடியலை, உன்னால எப்படி முடியும்?"

"இன்னொரு தடவை சொல்லு ஹைட்ரூன்."

ஹைட்ரூனுக்குக் கசக்குமா? இன்னொரு தடவை சொன்னாள். முதல் தடவையைவிட நிதானமாக.

மார்லீஸின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஹைட்ரூன் தயாராக வைத்திருந்த கைக்குட்டையை நீட்டினாள். "அழுதுடு. உள்ள வெச்சுக்காதே. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

மார்லீஸ் கைக்குட்டையை வாங்கவில்லை. ஹைட்ரூனை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அழுதபடியே சிரிக்கவும் சிரித்தாள். அதிர்ச்சியில் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று யூட்டா பயந்துபோனாள்.

"நீ நல்லா இருக்கணும் ஹைட்ரூன். இவ்வளவு நல்ல சேதியை யாருமே எனக்குக் கொண்டுவந்ததில்லை."

"நல்ல சேதியா?"

மார்லீஸ் அதற்குள் போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடிக்கிற நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க சின்னதுக்குத்தான். 'நான் பொண்ணு இல்லம்மா, பையன். ஜன்னல்ல எனக்காகத் தேவதை நிக்கற வரைக்கும் வீட்டுக்கு வர மாட்டேன்'னு சொல்லிட்டுப் போச்சு. ஹன்னாவா இருந்தது இப்ப யானிக். இவர் இத்தனை நாளா அதைக் காதுலேயே போட்டுக்கலை."

அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். ஹைட்ரூனின் கை கைக்குட்டையோடு அப்படியே நின்றது.

"யானிக், ரயிலேறுடா கண்ணா. நம்ம ஹைட்ரூன் அத்தை ஓடிவந்து சொல்லிட்டா. அப்பா உன்னை என் பையன்னு சொல்லிட்டாராம்."