மாப்பிள்ளை அனுப்பிய லாரி

"ஏனுங்க, வண்டி வருமா வராதா? சாயங்காலம் புதுசாக் குடி வர்றவங்க சாமானோட வந்து நிப்பாங்க. அப்பறம் நாம எங்க போறதுங்க?"

குழந்தையம்மாள் காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். போத்தனூரில் அவர்கள் வெகுகாலம் வாடகைக்கு இருந்த வீடு, சாக்கு மூட்டைகளும் கயிறு கட்டிய பெட்டிகளுமாக இறைந்து கிடந்தது.

"வரும் புள்ள. மாப்பிள்ளை சொன்னாச் சொன்னதுதான்" என்றார் லட்சுமணசாமி. சொல்லிவிட்டு அவரும் தெருமுனையைத்தான் பார்த்தார்.

அவர் வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து கையிலிருந்த பணம் கரைந்துகொண்டே இருந்தது. ஒரே மகள் சண்முகப்ரியாவைப் பூனாவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, ஏதாவது கம்பெனியில் வாட்ச்மேன் வேலை தேடிக்கொண்டு, மகள் முகத்தைப் பார்த்தபடி காலத்தை ஓட்டிவிடலாம் என்பது யோசனை. யோசனை குழந்தையம்மாளுடையது. செலவுக் கணக்கு லட்சுமணசாமியுடையது. கல்லில் நார் உரிக்கிற மனுஷன் அவர்.

காந்திபுரத்து லாரி ஆபீசில் பூனாவுக்கு வாடகை கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு லாரியவே வாங்கிப்போடலாம்" என்று திரும்பி வந்துவிட்டார். ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வழி கிடைத்தது. பூனாவிலிருந்து கோயமுத்தூருக்குச் சரக்கு கொண்டுவருகிற லாரி, இறக்கிவிட்டு எப்படியும் திரும்பிப் போகத்தானே வேண்டும்? அதில் ஏற்றினால் பாதி வாடகைதான். அப்படி ஒரு வண்டி பார்க்கச் சொல்லி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளை கௌதமனைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு? இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் குழந்தையம்மாள்.

"எத்தனை தடவை சொல்றது? நாங்க ஊட்டைக் காலி பண்ணிட்டு அங்கயே வந்தர்றோம்னேன். 'இங்கயேவாங்க மாமா'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்பறம், 'ஞாயித்துக்கெழமை வண்டி வருமுங்க மாமா. வாடகையை நானே குடுத்தர்றனுங்க. நீங்க ஊட்டுல இருங்க'ன்னாரு."

"ப்ரியாகிட்டப் போனைக் குடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசியிருக்கலாமுங்களே."

"மீட்டரு பாட்டுக்கு ஓடிட்டிருக்குது. ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும். நேர்லயே போயி பேசப் போறோம், அதுக்கு எதுக்குத் தண்டச் செலவு?"

"அவ குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க. எனக்கென்னமோ மனசே சரியில்லீங்க."

"மாமனார் சாமானுக்குத் தன் கைக்காசைப் போட்டு வாடகை குடுக்கற மாப்பிள்ளை இந்த ஊருல யாருக்கு இருக்குது? சந்தோசப்படறத உட்டுப்போட்டு..."

இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார் அவர். மாப்பிள்ளை பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தே போயிருந்தார்.

வீட்டுக்காரர் ஐயாசாமி மறுபடியும் வந்து வாசலில் நின்றார்.

"இன்னும் வண்டி வரலீங்களா?"

"இப்ப வந்துருமுங்க."

"அவசரமில்லீங்க. அவங்க டெம்போவுல ஏத்திட்டாங்களாம், அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

கொங்கு நாட்டில் வீட்டை விட்டுப் போகச் சொல்வதும் 'ங்க' போட்டுத்தான். லட்சுமணசாமி மறுபடியும் தெருமுனையைப் பார்த்தார். அவரிடம் திரும்ப வாங்கிய அட்வான்ஸை மறுபடி கொடுத்தாலும் இனி இந்த வீடு கிடைக்காது. வண்டி வராவிட்டால் இந்த மூட்டை முடிச்சோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. லாரி ஒன்று மெல்லத் திரும்பி, வாசலில் வந்து நின்றது. குழந்தையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். லட்சுமணசாமி ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. தார்ப்பாய்க்கு அடியில் வண்டி நிறையச் சாமான்.

"என்னப்பா இது? வந்த சரக்கை எறக்காமயே வந்து நிக்கற? என்ற சாமானை எங்க ஏத்தறது?"

டிரைவர் இறங்கி வந்தான். "எறக்கத்தானுங்க வந்திருக்கறேன்."

"எறக்கற எடத்துல எறக்கிப்போட்டு வெரசா வா. இருட்டறதுக்குள்ள நாங்க ஊட்டைக் காலி பண்ணோணும். என்ற மாப்பிள்ளை வாடகை பூராவும் குடுத்திருக்காரில்ல?"

"குடுத்துட்டாருங்க. அதானுங்க வழியில எங்கயும் நிக்காம நேரா வந்தேன். லட்சுமணசாமிங்கறது நீங்கதானுங்களே?"

"நான்தான்."

டிரைவர் வண்டியின் பின்பக்கம் போனான். கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை ஒதுக்கினான். ஒரு பீரோ, கட்டில், கிரைண்டர். முன்னால் ஒரு பித்தளைக் குடம். குழந்தையம்மாள் கிட்டே போய் அதைத் தன் பக்கம் திருப்பினாள். கழுத்தில் 'ல. சண்முகப்ரியா' என்று வெட்டியிருந்தது. கல்யாணச் சீருக்கு வாங்கியபோது, கடையில் கூடவே நின்று அவளே வெட்டச் சொன்ன மகள் பெயர்.

"இது ப்ரியாவோட சீராச்சே? இதை எதுக்கு..." லட்சுமணசாமி டிரைவர் பக்கம் திரும்பினார்.

டிரைவர் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எறக்கறதுக்கு மட்டுந்தானுங்க வாடகை குடுத்திருக்காரு. அம்மணியும் நாளைக்குக் காலைல ரயில்ல வருதாமுங்க, போத்தனூர் ஸ்டேசன்ல நீங்களே போயிக் கூட்டிக்கோணுமாமுங்க."