டப்பாவைக் கழட்டு

"டப்பாவைக் கழட்டும்மா. கழட்டினா சான்று. இல்லேன்னா வண்டியைத் திருப்பு."

"கழட்ட மாட்டேன் சார்."

வருடாந்திரத் தகுதிச் சான்றுக்கான வண்டிச் சோதனைக் கொட்டகையில் அக்காவின் லாரிக்குப் பின்னால் பதினோரு வண்டிகள். ஆளாளுக்கு ஹாரனை அமுக்கினார்கள். லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் முரட்டக்கா. வைத்த பெயரைக் காப்பாற்றியே தீருவது என்று நின்றாள்.

விவகாரம் இவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்துக் கிழட்டு என்ஜின். உள்ளே ரிங் தேய்ந்துபோய், மூச்சு விட்டால் புகையோடு எண்ணெயும் சேர்ந்து வரும். அந்த மூச்சுக்குழாயின் வாயோ ரோட்டைப் பார்த்துத் தொங்கும். அக்கா அதில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, பக்கத்தில் கம்பியால் கட்டிய தகர டப்பாவுக்குள் விட்டிருந்தாள். எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், புகை மட்டும் வெளியே போகும்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த அட்டையைத் தட்டினார். "கம்பெனியில இருந்து வந்தப்ப இந்த டப்பா இருந்துச்சா?"

"இல்ல சார். அப்போ என் தலையில நரையும்தான் இல்ல. அதையும் கழட்டணுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

தம்பி அவளை ஓரமாக இழுத்துப் போனான். லாரியில் அவனுக்கும் பாதிப் பங்கு.

"அக்கா, நாளைக்குக் காலையில சிமெண்ட் லோடு. சான்று இல்லேன்னா வேற வண்டிக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் இந்தப் பக்கமே கூப்பிட மாட்டாங்க. ரெண்டு முறுக்கு முறுக்கினா கம்பி கழண்டுடும்க்கா! கழட்டி சீட்டுக்கு அடியில போடு. வெளிய போய் மாட்டிக்கலாம். எல்லாரும் அதைத்தானே பண்றாங்க?"

"போன வருஷம் நானும் அதைத்தான்டா பண்ணேன்."

தம்பி பிடித்திருந்த கையை விட்டான்.

போன வருஷம் இதே கொட்டகைக்காகக் கழட்டியவள், அவசர லோடு என்று திரும்ப மாட்டாமலே கிளம்பிவிட்டாள். மலை வளைவில், பின்னால் வந்த ஸ்கூட்டர், அவள் லாரி சிந்திய எண்ணெயில் சறுக்கி விழுந்ததைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ஓட்டி வந்தவர் ஒரு தபால்காரர். கால் முறிந்துவிட்டது. அவள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவர் அந்த வலியிலும் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். திட்டியிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அந்த வாழ்த்துதான் இன்றைக்கும் சுடுகிறது.

அவள் நேராக இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"சார், உங்க கொட்டகைத் தரையைப் பாருங்க. நீங்களே பாத்துப் பாத்துத்தான் கால் வெக்கிறீங்க. இதெல்லாம் நீங்க பாஸ் போட்டு அனுப்பின வண்டிங்க சொட்டினது. என் வண்டிக்கு அடியில புதுசா ஒரே ஒரு சொட்டு காட்டுங்க, நானே கழட்டி உங்க மேஜையில வெக்கிறேன்."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

முகம் சிவக்கக் குனிந்தார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். தரையில் விரலைத் தேய்த்துப் பார்த்தார்; புது எண்ணெய் எதுவும் ஒட்டவில்லை. டப்பாவைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அது கடகடவென்று ஆடியது.

"கடைசியாக் கேக்குறேன். கழட்டுவியா, மாட்டியா?"

"ஃபெயில்னு எழுதிக்குங்க சார். வண்டியை வித்துட்டு மூட்டை தூக்கிப் பொழைச்சுக்கறேன். ஒருத்தர் காலை ஒடிச்சுட்டு, அவர் வாயாலயே வாழ்த்து வாங்குற பொழைப்பு எனக்கு வேண்டாம்."

அவர் பேனாவை எடுத்தார். அட்டையை லாரியின் பானெட் மேல் வைத்து மளமளவென்று எழுதினார். ஃபெயில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். காகிதத்தைக் கிழித்து நீட்டினார்.

"வண்டியை எடு. அடுத்த வண்டி வரட்டும்!"

அக்கா அதைப் படிக்கக்கூட இல்லை. தம்பி மடியில் வீசிவிட்டு லாரியைக் கிளப்பினாள். கேட் தாண்டும்வரை அவன் புலம்பிக்கொண்டே வந்தான்.

"போச்சு, எல்லாம் போச்சு. உன் முரட்டுத்தனத்துக்கு லோடும் போச்சு, லாரியும் போகப்போவுது. அந்த ஆளு என்னதான் எழுதித் தொலைச்சிருக்கான்?"

காகிதத்தைப் பிரித்தான். கோபமாகத்தான் படிக்க ஆரம்பித்தான்.

"'எண்ணெய் டப்பா கம்பியில் கட்டப்பட்டு ஆடுகிறது. போல்ட் போட்டு இறுக்கி, இன்று மாலை நான்கு மணிக்கு மறு சோதனைக்குக் கொண்டு வரவும்...'"

"என்னடா நிறுத்திட்ட? மிச்சத்தையும் படி."

"'...டப்பா இல்லாமல் வந்தால் இன்று மட்டுமல்ல, இனி எந்த வருடமும் இந்த லாரிக்குச் சான்று கிடையாது.'"