கையில் கொடுக்கும் கடை

"பூங்கொத்தை வாசல்ல வெச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுவோம் மேடம். வீட்டு ஆளு வெளிய வரணும்னு இல்லை."

"அப்போ வேண்டாம்" என்று அக்கா போனை வைத்தாள். தம்பி இருக்கும் ஊரில் அவள் விசாரித்த மூன்றாவது பூக்கடை அது.

நான்காவது கடைக்காரி, "நானே கொண்டுபோய்க் குடுக்கிறேங்க. என்ன பூ வேணும்?" என்றாள்.

"எதுவா இருந்தாலும் சரி. கொத்து லேசா இருக்கட்டும். அவன் கையிலதான் குடுக்கணும். கதவு திறக்க நேரமானாலும் நிக்கணும்."

"ஒரு பிறந்தநாளுக்கு இத்தனை கண்டிஷனா!" கடைக்காரி சிரித்தாள்.

"பிறந்தநாள் இல்லம்மா. அவனுக்கு இதய ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் ஆகுது. அம்மா போனதிலிருந்து எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். யாரைக் கேட்டாலும் 'நல்லா இருக்கான்'னு மழுப்புறாங்க. பூவை அவன் தூக்கி எறிஞ்சாலும் பரவாயில்லை. எப்படி நடக்கிறான், மூச்சு வாங்குதான்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. "சொல்றேங்க."

மாலையில் கடைக்காரி கூப்பிட்டாள். "மெதுவாத்தான் நடந்து வந்தார். மூச்சு வாங்கலை. முகம் இளைச்சிருக்கு."

"ஏதாவது சொன்னானா?"

"பூவோட இருந்த அட்டையில 'அக்கா'ன்னு பார்த்ததும், 'ஆளை விட்டு வேவு பார்க்கிறாளா?'ன்னு கேட்டார். எனக்குப் பொய் வரலைங்க. ஆமான்னுட்டேன்."

"கோபப்பட்டானா?"

"உள்ளே போய் பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வந்தார். உங்க ஊர்ல இதே மாதிரி நேர்ல போய்க் குடுக்கிற கடை ஏதாவது தெரியுமான்னு கேட்டார்."