டாக்டர் டீ குடிக்கிறார்

"நாம வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். இவருக்கு டீ ஒரு கேடு!" என்று லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் காதைக் கடித்தார்.

நாலு வயது மகனுக்கு ஒரு பக்க விதை விதைப்பைக்குள் இறங்கவே இல்லை, ஆபரேஷன்தான் வழி என்று முந்தைய டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த டாக்டரோ அவர்கள் உள்ளே நுழைந்ததும் ஏசியை நிறுத்தினார். 'கரன்ட் பில்லுக்குப் பயந்த கஞ்சன்' என்று மெக்கானிக் முடிவு கட்டினார். அப்புறம் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டிலில் சப்பணமிட்டிருந்த பையனிடம் டைனோசர் கதை பேச ஆரம்பித்துவிட்டார்.

பேச்சு மெல்ல அப்பா பக்கம் திரும்பியது.

"லிஃப்ட் வேலையா? அப்ப ஈசியாப் புரியும். விதை உருவாகறது குழந்தையோட வயித்துக்குள்ள. பிறக்கறதுக்குள்ள கீழே பைக்கு இறங்கிடணும். குறைமாசத்துல பிறந்தா, ஹார்மோன் குறைஞ்சா நடுவழியில நின்னுடும். பல பேருக்குக் காரணமே தெரியறதில்லை."

"லிஃப்ட் நின்னா நாங்க இப்படிப் பேசிட்டு நிக்க மாட்டோம் டாக்டர். உள்ள இருக்கறவன் உதைப்பான்!"

மனைவி அவர் காலை மிதித்தாள்.

"பிறந்தப்ப ரெண்டும் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு டாக்டர். இப்பவும் வெந்நீர்ல குளிப்பாட்டறப்ப பார்க்கறேன். சொன்னா இவர் நம்பினாத்தானே?"

"டாக்டரை விட உனக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்!"

டாக்டர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, பையனின் அடிவயிற்றிலிருந்து மெல்லத் தடவிப் பார்த்தார். பையன் டைனோசரின் வாலை விளக்குவதில் மும்முரமாக இருந்தான்.

"அம்மா சொன்னதுதான் சரி. ரெண்டும் கீழேயே இருக்கு. சில்லுனு கை பட்டா, பயந்தா, ஒண்ணு மட்டும் சட்டுனு மேலே ஏறி ஒளிஞ்சுக்குது. ஆபரேஷன் வேண்டாம். வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து காட்டுங்க, போதும்."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் மேசையைக் கவனித்தார். டம்ளரில் டீ விளிம்பு வரை அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

"அடடா, நான் பேசியே உங்க டீ ஆறிப் போச்சே! சூடா இன்னொண்ணு வாங்கிட்டு வர்றேன் டாக்டர்."

"தாராளமா வாங்கிட்டு வாங்க, அடுத்த பையனைப் பார்க்கறதுக்கு ஆகும்" என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டரின் கை கதகதவென்று இருந்தது.

"நான் டீயே குடிக்கறதில்லைங்க!"