இரண்டே பட்டன்

காலையிலிருந்து இதோடு பதினோராவது தடவையாக, அறிவுச்செல்வி தன் புருஷன் முத்துச்சாமியைச் சாகடித்தாள். கை நடுங்கவில்லை, கண்ணும் கலங்கவில்லை. அப்படியொரு அழுத்தக்காரி!

எல்லாம் செல்போனில்தான். ஆதரவற்ற பெண்களுக்கு வீடு கட்டித் தரும் ஓர் அறக்கட்டளைக்காக, நாகல்நகரில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி ஒரு ஆப் செய்திருந்தது. எந்தப் பட்டனை அமுக்கினால் எந்தத் திரை வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

மூன்றாவது திரையில், ‘கணவர் உயிருடன் இருக்கிறாரா?’ என்று கேள்வி. கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே பட்டன். கணவர் பெயர் கேட்ட இடத்தில் முத்துச்சாமி என்று அடித்திருந்தவள், ‘இல்லை’யை அமுக்கினாள்.

பக்கத்து சீட்டு கீர்த்தனா எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள்.

“அய்யய்யோ, என்னக்கா இது! டெஸ்ட் பண்ண வேற பேரே கெடைக்கலையா? மொதல்ல தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கங்க. வீட்ல சண்டையா?”

“சண்ட போட ஆளு வீட்ல இருக்கணும்ல?”

“ஆமால்ல, அண்ணன் லாரில லோடு ஏத்திட்டுப் போயிருக்காருன்னு சொன்னீங்கள்ல. எப்ப வாராரு?”

“தெரியல.”

“வரட்டும் வரட்டும், இதப் போட்டுக் குடுக்கிறேன்” என்று சிரித்தாள் கீர்த்தனா. அறிவுச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆப்பை ஒப்படைத்தாக வேண்டும். அவள் ‘பாஸ்’ என்று போட்டால்தான் அது வெளியே போகும். மூன்றரை ஆகியும் போடாததால் டீம் லீடர் சேவியர் கொதித்துப்போய் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா பிரச்சன? அம்புட்டுத் திரையும் சரியாத்தான போகுது?”

“மூணாவதுல மாட்டிக்கிருது சார். ‘ஆம்’னு அமுக்குனா, ‘நீங்கள் விண்ணப்பிக்க இயலாது’ன்னு வெளிய தள்ளுது. ‘இல்லை’ன்னு அமுக்குனா இறப்புச் சான்றிதழ் கேக்குது. அது இல்லேன்னா மேல போக வழியில்ல, திரும்ப மூணாவதுக்கே வந்து நிக்குது. ‘தெரியவில்லை’ன்னு இன்னொரு பட்டன் வேணும் சார்.”

“அவங்க கேட்டது ரெண்டு பட்டன், ரெண்டு இருக்கு. பாஸ் போடு.”

“போட மாட்டேன் சார்.”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, போகச் சொன்னால் போக வேண்டியதுதான். ஆனாலும் விரல் அந்த ‘பாஸ்’ பக்கம் போகவில்லை.

“கடைசியாச் சொல்றேன். பாஸ் போடு, இல்ல பையத் தூக்கிட்டுக் கெளம்பு!” சேவியர் மேசையை ஓங்கித் தட்டினார். “புருஷன்னா ஒண்ணு இருப்பான், இல்ல செத்திருப்பான். ரெண்டுக்கும் நடுவுல எவ நிக்கிறா? ஒருத்தியக் காட்டு, இப்பவே பட்டன் வைக்கிறேன்!”

அறிவுச்செல்வி எழுந்தாள். பொங்கி வந்த ஆத்திரத்தில் உதடு துடித்தது.

“நாலு வருசமா நாந்தான் நிக்கிறேன் சார்.”