யாருடைய நார்?

கறுப்புச் சோப்பின் நுரை தலையிலிருந்து வழிய, தகரம் அடித்த குளியல் மறைப்புக்குள் திகைத்து நிற்கிறான் ஓப்போங். குமாசிக்கு, மாமியார் வீட்டுக்கு, வந்து இரண்டாம் நாள். காலை வெயில் ஆணித் துளைகள் வழியே அவன் தொப்பையில் பொட்டுப் பொட்டாய் விழுகிறது. கண்ணைக் கசக்கிப் பார்த்தால் அவனுடைய குளியல் நார், நீல நூல் கட்டியது, கம்பியில் உலர்ந்தபடி ஆடுகிறது. அப்படியானால் இவ்வளவு நேரமும் அக்குள்வரை தேய்த்த இந்த நார் யாருடையது? ஒருவர் நாரை இன்னொருவர் தொடாத ஊர் இது. அதுவும் மாமியாருடையது என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நுரை காய்ந்து முதுகை இழுக்கிறது. வெளியே செருப்புச் சத்தம் வந்து நிற்கிறது.

"மாப்ள, அங்க ஒரு நாரு தொங்குதா?"

"எ... எந்த நாரு அத்தை?"

"சட்டி தேய்க்கிறதுதான். நேத்து சூப்புச் சட்டியக் கழுவிட்டு அங்கயே மாட்டிட்டேன்."

"உங்க குளிக்கிற நாரு?"

"அது உள்ள பத்திரமா இருக்கு. ஏன் கேக்குறீங்க?"

ஓப்போங்கின் தோள்கள் மெல்ல இறங்குகின்றன. அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிய அந்த நாரை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான்.

"சும்மாதான் அத்தை! கழுவித் தர்றேன், அஞ்சே நிமிஷம்" என்று கூவிவிட்டு, மிச்சமிருந்த முதுகையும் அதிலேயே தேய்க்கிறான்.